பன்னாட்டு அமைப்பும் உள்நாட்டுக் குடியாட்சியும்: கிரேக்க நாட்டுச் சான்று (1967–1974)

ஒரு நாட்டின் குடியாட்சி அந்நாட்டு மக்களாலேயே ஆக்கவும் காக்கவும் படுவது. ஆயினும், அந்நாடு உறுப்பாக உள்ள பன்னாட்டு அமைப்புகளுக்கும் அதன்கண் பங்குண்டோ என்பது ஆராய்தற்குரியது. இதற்குக் கிரேக்க நாட்டு வரலாறு தக்க சான்றாகும்.

1967 ஏப்பிரல் 21ஆம் நாள் படை அலுவலர் சிலர் ஏதென்சு நகரில் ஆட்சியைக் கைப்பற்றினர். மே மாதம் நிகழவிருந்த தேர்தல் நின்றது. பொதுவுடைமையாளர் கிளர்ச்சியினின்று நாட்டைக் காத்தற்பொருட்டே இங்ஙனம் செய்ததாக அவர்கள் கூறினர். அவ்வாண்டு செப்டம்பரில் டென்மார்க்கு, நார்வே, சுவீடன், நெதர்லாந்து ஆகிய நான்கும் ஐரோப்பிய மனித உரிமை ஆணையத்திடம் முறையிட்டன. தம் குடிகளுக்காகவன்றி, பிறநாட்டுக் குடிகளின் உரிமைக்காக அவை வழக்குத் தொடுத்தமை ஈண்டுக் கருதத்தக்கது.

ஆணையம் சான்றாளரை உசாவி 1969இல் அறிக்கை அளித்தது. நாட்டின் வாழ்வுக்கே இறுதி பயக்கும் நெருக்கடி எதுவும் அன்று இருந்ததாக மெய்ப்பிக்கப்படவில்லை என்றும், அரசியற் கைதிகள் சித்திரவதைக்கு உள்ளாயினர் என்றும் அது முடிவு கண்டது. தாம் நீக்கப்படுவது உறுதியென உணர்ந்த படையாட்சியினர், அவ்வாண்டு டிசம்பர் 12ஆம் நாள் ஐரோப்பியப் பேரவையினின்று தாமே விலகினர்.

ஆனால், 1952 முதல் தான் உறுப்பாயிருந்த வட அட்லாண்டிக் ஒப்பந்த அமைப்பில் கிரேக்கம் அக்காலத்தும் நீடித்தது. அவ்வொப்பந்தத்தின் முகவுரை குடியாட்சியைப் போற்றுவதே. எனினும், மத்தியதரைக் கடற்பகுதியின் பாதுகாப்பே அதனினும் பெரிதாக மதிக்கப்பட்டது. ஆகவே, ஓர் அமைப்பு மூடிய கதவை மற்றோர் அமைப்பு திறந்தே வைத்திருந்தது எனலாம்.

பேரவையின் செயலால் படையாட்சி வீழ்ந்ததோ எனின், அன்று. அதன் பின்னரும் நான்காண்டுகளுக்கு மேல் அது நிலைத்தது. 1973 நவம்பரில் ஏதென்சுப் பல்தொழிற் கல்லூரி மாணவர் எழுச்சி அதனை அசைத்தது. 1974 சூலையில் சைப்பிரசுத் தீவில் அது தூண்டிய ஆட்சிக் கவிழ்ப்பும், அதனைத் தொடர்ந்த துருக்கியின் படையெடுப்பும் அதனை வீழ்த்தின. நவம்பர் 17ஆம் நாள் தேர்தல் நடைபெற்றது. 28ஆம் நாள் கிரேக்கம் பேரவையில் மீண்டும் இடம்பெற்றது.

இவற்றால் பெறப்படுவது யாது? பன்னாட்டு அமைப்பு குடியாட்சியை மீட்டுத் தரும் ஆற்றலுடையதன்று. கொடுங்கோன்மை தனக்குக் கற்பித்துக்கொண்ட காரணத்தை ஆராய்ந்து, அது பொருந்தாதெனப் பதிவு செய்யும் ஆற்றலே அதற்குண்டு. உள்நாட்டில் வாய் திறவாதாரின் சொல் வெளியே ஒரு மன்றத்தில் சான்றாக ஏறிற்று. அஃது ஆட்சியை மாற்றவில்லை. அவ்வாட்சி முறையானது எனும் பெயரை மட்டும் பெறாதவாறு தடுத்தது. அத்துணையும் சிறிதன்று.