மரிபெல் வின்சன் ஓவன்: பட்டங்களும் பரம்பரையும்

விளையாட்டு வரலாற்றை எழுதுவோர் வெற்றியாளரின் பெயரைப் பதிவதில் காட்டும் அக்கறையை, அவரை உருவாக்கிய ஆசானின் பெயரைப் பதிவதில் காட்டுவதில்லை. இரு வரிசையிலும் முன்னிடம் பெறத்தக்க ஒருவரைப் பற்றியதே இக்கட்டுரை. அமெரிக்கரான மரிபெல் வின்சன் ஓவன், பிகர் ஸ்கேட்டிங் எனப்படும் பனித்தரைச் சறுக்கு நடனத்தில் ஒன்பது முறை தேசிய ஒற்றையர் பட்டம் வென்றவர். நியூயோர்க் டைம்ஸ் பத்திரிகையின் முதற் பெண் விளையாட்டுச் செய்தியாளர் எனக் குறிப்பிடப்படுபவர். பின்னாளில் பயிற்றுநராகி, ஒலிம்பிக் தங்கம் வென்ற மாணவியை உருவாக்கியவர். 1961ஆம் ஆண்டு ஒரு காலைப்பொழுதில் அவரும் அவருடைய இரு புதல்வியரும் ஒன்றாகவே மறைந்தனர்.

மரிபெல் 1911 ஒக்டோபர் 12ஆந் திகதி மசச்சூசெட்ஸ் மாநிலத்தின் வின்செஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை தோமஸ் வின்சனும் சறுக்கு விளையாட்டில் தேர்ந்தவரே. அருகிலுள்ள பொஸ்டன் சறுக்குக் கழகத்தில் வளர்ந்த மரிபெல், 1928 முதல் 1933 வரை தொடர்ந்து ஆறு முறையும், 1935 முதல் 1937 வரை மூன்று முறையும் தேசியப் பட்டத்தைக் கைப்பற்றினார். இணையர் பிரிவிலும் ஆறு தேசியப் பட்டங்கள் அவருக்குக் கிடைத்தன.

உலக அரங்கில் முதலிடம் அவருக்கு எட்டவில்லை. அது நோர்வே நாட்டின் சொன்யா ஹெனி கொடிகட்டிப் பறந்த காலம். 1928 உலகப் போட்டியில் ஹெனிக்கு அடுத்த இடம் மரிபெலுக்குக் கிடைத்தது. 1932இல் லேக் பிளாசிட்டில் நடைபெற்ற ஒலிம்பிக்கில் அவர் வெண்கலம் பெற்றார். ஹெனி பின்னர் ஹொலிவூட் சென்று திரைநட்சத்திரமானார். மரிபெல் எழுத்தையும் கற்பித்தலையும் தேர்ந்துகொண்டார்.

ராட்கிளிப் கல்லூரியில் 1933இல் பட்டம் பெற்ற அவர், போட்டிகளில் பங்குகொண்டிருந்த காலத்திலேயே நியூயோர்க் டைம்ஸின் விளையாட்டுப் பகுதியிற் பணியாற்றினார். ஆண்கள் மட்டுமே அமர்ந்திருந்த ஒரு மேசையில் 1930களில் ஒரு பெண் இடம்பிடிப்பது எத்தகைய காரியம் என்பதைப் பத்திரிகைத் தொழிலில் இருப்போர் எளிதில் உணர்வர். 1938, 1940, 1960 ஆகிய ஆண்டுகளில் சறுக்குக் கலை பற்றிய மூன்று நூல்களையும் அவர் வெளியிட்டார்.

1937இல் அவர் தொழில்முறைக்கு மாறினார். பணம் பெற்று ஆடுவோரும் கற்பிப்போரும் ஒலிம்பிக் போன்ற போட்டிகளுக்குத் திரும்ப முடியாது என்பது அன்றைய விதி. கனேடிய சறுக்கு வீரர் கை ஓவனை மணந்து, அவருடன் காட்சிப் பயணங்களில் ஆடினார். 1940இல் மூத்த மகள் பிறந்தாள். தாயின் பெயரே அவளுக்கும் இடப்பட்டது. 1944இல் இளைய மகள் லோரன்ஸ் பிறந்தாள். அந்த மணவாழ்வு நிலைக்கவில்லை. 1952இல் கை ஓவன் காலமானார். அதே ஆண்டில் மரிபெலின் தந்தையும் மறைந்தார். இரு பெண் குழந்தைகளுடன் தம் தாயின் வின்செஸ்டர் வீட்டுக்குத் திரும்பிய அவர், பயிற்சியளித்துக் கிடைத்த வருவாயிலேயே குடும்பத்தைத் தாங்கினார்.

அவர் எதைக் கற்பித்தார் என்பதை அறிய, அக்காலப் போட்டிமுறையை அறிதல் வேண்டும். பிகர் ஸ்கேட்டிங் என்ற பெயரே, பனித்தரையில் காலணியின் அலகினால் வரையப்படும் உருவங்களிலிருந்து வந்தது. அலகின் அடிப்பகுதி நடுவிற் குழிந்திருப்பதால் அதற்கு உள் விளிம்பு, வெளி விளிம்பு என இரு விளிம்புகள் உண்டு. ஒரே விளிம்பில் நின்று எட்டு என்ற இலக்க வடிவை வரைந்து, அதே கோட்டின் மேலேயே மீண்டும் மீண்டும் செல்லவேண்டும். நடுவர்கள் தரையிற் குனிந்து அந்தத் தடத்தைப் பரிசோதிப்பர். மொத்தப் புள்ளிகளில் 60 வீதம் இதற்கே உரியதாயிருந்தது. (1990க்குப் பின் சர்வதேசப் போட்டிகளிலிருந்து இது கைவிடப்பட்டது.) தோள் எவ்வளவு திரும்பவேண்டும், உடலின் பாரம் எந்தக் கணத்தில் மாறவேண்டும் என்பனவற்றை ஏட்டிற் படித்து மட்டும் அறிந்துவிட முடியாது. பக்கத்தில் நின்று பார்க்கும் ஓர் ஆசானின் கண் அதற்கு வேண்டும்.

அந்தக் கண்ணுக்கு முதலில் அகப்பட்டவர் டென்லி ஓல்பிரைட். பதினொரு வயதில் இளம்பிள்ளை வாதத்துக்கு உள்ளாகி மீண்ட சிறுமி அவர். 1953இலும் 1955இலும் உலகப் பட்டம் வென்றார். 1956 ஒலிம்பிக்குக்குச் சற்று முன்னர் பயிற்சியின்போது விழுந்து கணுக்காலிற் காயமடைந்தும், இத்தாலியின் கோர்ட்டினாவில் தங்கம் வென்றார். பனித்தரைச் சறுக்கு நடனத்தில் ஒலிம்பிக் தங்கம் பெற்ற முதல் அமெரிக்கப் பெண்மணி அவரே. தாம் எட்டாத உயரத்தைத் தம் மாணவி எட்டுவதை மரிபெல் கண்டார். ஓல்பிரைட் பின்னர் ஹாவர்ட்டில் மருத்துவம் பயின்று சத்திரசிகிச்சை நிபுணரானார்.

இன்னொரு செய்தியையும் குறிப்பிடவேண்டும். கறுப்பினத்தவர் என்பதற்காகக் கழகங்களாற் புறக்கணிக்கப்பட்ட மேபல் ஃபேர்பேங்ஸ் என்ற சறுக்குக் கலைஞருக்கு மரிபெல் நுட்பங்களைச் சொல்லிக்கொடுத்தார். போட்டியில் இடம் மறுக்கப்பட்ட ஃபேர்பேங்ஸும் பின்னாளிற் புகழ்பெற்ற பயிற்றுநராகி, தமக்கு மூடப்பட்ட கதவைப் பிறருக்குத் திறந்துவைத்தார்.

1961 ஜனவரியில் கொலராடோ ஸ்பிரிங்ஸில் நடைபெற்ற தேசியப் போட்டியில் பதினாறு வயது லோரன்ஸ் பெண்கள் பட்டத்தை வென்றாள். மூத்தவள் டட்லி ரிச்சட்ஸுடன் சேர்ந்து இணையர் பட்டத்தை வென்றாள். தாயின் பட்டங்கள் மகள்மாரிடம் வந்துசேர்ந்தன. பெப்ரவரி 13ஆந் திகதியிட்ட ஸ்போர்ட்ஸ் இலஸ்ட்ரேட்டட் சஞ்சிகையின் அட்டையில் லோரன்ஸின் படம் வெளிவந்தது.

மறுநாள், உலகப் போட்டிக்காகப் பிராக் நகருக்குச் செல்லவிருந்த அமெரிக்க அணி நியூயோர்க்கில் சபெனா நிறுவனத்தின் போயிங் 707 விமானத்தில் ஏறியது. 15ஆந் திகதி காலை பிரஸ்ஸல்ஸ் விமான நிலையத்தை அண்மித்தபோது விமானம் வீழ்ந்து நொறுங்கியது. அதிலிருந்த 72 பேரும், நிலத்தில் நின்ற ஒருவரும் பலியாயினர். அணியின் 18 வீரர், வீராங்கனைகளில் ஒருவர்கூடத் தப்பவில்லை. பயிற்றுநர், அதிகாரிகள், உறவினர் உட்பட அக்குழுவில் 34 பேர் இறந்தனர். விபத்தின் காரணம் திட்டவட்டமாக நிறுவப்படவில்லை. அவ்வாண்டு உலகப் போட்டி இரத்துச் செய்யப்பட்டது. மரிபெலுக்கு அப்போது வயது 49. வின்செஸ்டர் வீட்டில் அவருடைய முதிய தாய் மட்டுமே எஞ்சினார்.

வீரர்களை இழந்த நாடு புதிய வீரர்களைத் தேடலாம். அவர்களுக்குக் கற்பிப்போரும் உடன் மாண்டபோது, பல ஆண்டுகாலத் தேர்ச்சியே அழிந்துபோனது. வெற்றிடத்தை நிரப்ப வெளிநாட்டுப் பயிற்றுநர்கள் வரவேண்டியிருந்தது. கொலராடோ ஸ்பிரிங்ஸுக்கு இத்தாலியின் கார்லோ பாசி வந்தார். தன் பயிற்றுநரை அதே விபத்திற் பறிகொடுத்த பெக்கி பிளெமிங், பின்னர் பாசியிடம் பயின்று 1968இல் ஒலிம்பிக் தங்கம் வென்றார்.

எனினும் மரிபெலின் கல்வி முற்றாக அழியவில்லை. அவரிடம் பயின்ற பிராங்க் கரோல், விபத்துக்கு முன்னரே தொழில்முறைக் காட்சிக் குழுவொன்றிற் சேர்ந்திருந்தமையால் அந்த விமானத்தில் இருக்கவில்லை. அவரும் பயிற்றுநரானார். அவர் மாணவி லிண்டா பிராட்டியானி 1980இல் ஒலிம்பிக் வெள்ளி வென்றார். எவன் லைசாசெக் 2010இல் தங்கம் வென்றார். கரோலிடம் பல்லாண்டு பயின்று, ஐந்து தேசியப் பட்டங்களை அவரிடம் இருந்த காலத்திலேயே வென்ற மிஷெல் குவான், 2005இல் தம் ஒன்பதாவது பட்டத்தைப் பெற்றார். 1937இல் மரிபெல் நிறைவுசெய்த அந்த எண்ணிக்கையை 68 ஆண்டுகளின் பின்னர் எட்டிப்பிடித்தவர், அவருடைய மாணவரின் மாணவி. அரங்கேற்ற மேடைகளில் குருவின் குருவை வணங்கித் தொடங்கும் மரபை அறிந்த நமக்கு இதன் பொருள் எளிதிற் புரியும்.

2025 ஜனவரி 29ஆந் திகதி வாஷிங்டனில் இராணுவ ஹெலிகொப்டருடன் பயணிகள் விமானம் மோதியதில் 67 பேர் உயிரிழந்தனர். அவர்களுள் 28 பேர் சறுக்கு விளையாட்டைச் சேர்ந்தோர். மரிபெலின் அதே பொஸ்டன் கழகம் மீண்டும் அறுவரை இழந்தது. அவர்களில் இருவர், 1994இல் இணையர் பிரிவில் உலகப் பட்டம் வென்று பின்னர் பயிற்றுநரான ரஷ்யத் தம்பதியர் எவ்கேனியா சிஷ்கோவாவும் வாடிம் நௌமோவும். இரு இளஞ்சிறாரும் அவர்களின் தாய்மாரும் ஏனைய நால்வர்.

வின்செஸ்டரில் ஒரு தொடக்கப் பாடசாலை வின்சன் ஓவன் என்ற பெயரைத் தாங்கி நிற்கிறது. சறுக்குத் தரை காணாத பிள்ளைகளும் அங்கே எழுத்தறிவு பெறுகின்றனர். விபத்தின் பின் உருவாக்கப்பட்ட நினைவு நிதியம் வசதி குறைந்த இளம் வீரர்களுக்கு உதவிவருகிறது. ஆசிரியராகவே வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்த ஒருவருக்கு இவற்றிலும் பொருத்தமான நினைவுச் சின்னங்கள் வேறில்லை.