நாலந்தா போகும் வழியில்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை நோக்கிச் செல்லும் ஏ-9 வீதியில், அலுவிகாரையைத் தாண்டியதும் வருகிற ஊர் பலாபத்வல. வீதியின் இரு மருங்கிலும் வாசனைத் திரவியத் தோட்டங்கள். ஏலமும் கறுவாவும் சாதிக்காயும் காட்டி உல்லாசப் பயணிகளை உள்ளே அழைக்கும் பலகைகள். அதற்கு மேல் இவ்வூரைப் பற்றி அறிந்து செல்பவர்கள் குறைவு. நாங்களும் ஒரு ஞாயிறு காலை இங்கே வண்டியை நிறுத்தியது, ஆசிரிய நண்பர் ஒருவரையும் அவருடைய மகளையும் ஏற்றிக்கொள்ளத்தான். காலையில் நாலந்தா கெடிகே, பகலில் மாத்தளை மாரியம்மன் கோயில், மாலைக்குள் இறத்தோட்டைப் பக்கத்து நீர்வீழ்ச்சி. ஒரே நாளில் முடிகிற பயணம்.

நாலந்தாவில் பிரதான வீதியை விட்டுக் கிழக்கே திரும்பிச் சிறிது தூரம் சென்றால் நீர்த்தேக்கம் தெரிகிறது. அதன் கரையில், மூன்று பக்கமும் நீரும் மரங்களும் சூழ, அந்தச் சின்னஞ்சிறு கருங்கற் கோயில் நிற்கிறது. முன்னே தூண்கள் நிற்கும் மண்டபம், அடுத்து இடைநாழி, அதற்கப்பால் கருவறை. மேலே குதிரை லாட வடிவக் கூடுகள். தெற்குப் பக்கத்துக் கூட்டினுள்ளே குபேரன் அமர்ந்திருக்கிறான். மாமல்லபுரம் போய் வந்தவர்களுக்கு இந்த வடிவம் புதிதல்ல. பார்த்தவுடனே பழகிய முகத்தைக் கண்டது போலிருக்கும்.

நண்பரின் மகள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். "மாமா, இது நம்ம கோயிலா, அவங்க கோயிலா?" என்று கேட்டாள்.

பதினொரு வயதுப் பிள்ளை கேட்ட இந்தக் கேள்வியைப் பெரிய பெரிய அறிஞர்களும் கேட்டிருக்கிறார்கள். மகாயான பௌத்தக் கோயில் என்பர் சிலர். தாந்திரீக மரபின் சாயல் உண்டென்பர் வேறு சிலர். இந்துக் கோயிலே என்பாரும் உளர். காலத்தை எட்டாம் நூற்றாண்டு முதல் பதினோராம் நூற்றாண்டு வரை இழுத்துக் கொண்டு போகிறார்கள். நான் அவளுக்கு ஒரு கதை சொன்னேன். ஏழாம் நூற்றாண்டில் மானவர்மன் என்ற சிங்கள இளவரசன் நாடிழந்து காஞ்சிக்குப் போனான். நரசிம்மவர்ம பல்லவனிடம் சேவகம் புரிந்தான். சாளுக்கியருக்கு எதிரான போரில் அவனுக்குத் துணை நின்றான். அந்த நரசிம்மவர்மனே மாமல்லன். மாமல்லபுரம் அவன் பெயரைச் சுமந்து நிற்பது. பின்னர் பல்லவர் படையுடன் திரும்பி வந்து, 684-ஆம் ஆண்டளவில் மானவர்மன் அநுராதபுரத்து அரியணையைக் கைப்பற்றினான். இதைச் சொல்வது தமிழ் நூலன்று, சூளவம்சம். அந்த உறவின் வழியாகத்தான் பல்லவச் சிற்பியின் உளி இத்தீவுக்கு வந்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். அப்படியானால் நம்முடையது எது, அவர்களுடையது எது? பிள்ளைக்கு இந்தப் பதில் திருப்தி தரவில்லை. "ரெண்டு பேரோடதும்னு சொல்லுங்களேன்" என்று சொல்லிவிட்டுத் தண்ணீரோரம் போய்விட்டாள்.

இக்கோயில் முதலில் இந்த இடத்தில் இருக்கவில்லை. 1910-களின் தொடக்கத்தில், தொல்பொருள் ஆணையாளராக இருந்த எச்.சி.பி. பெல் இடிபாட்டிலிருந்து இதைச் சீர்செய்தபோது, தாழ்வான வயல்நிலத்தில் நின்றது. மகாவலித் திட்டம் வந்தது. பொல்கொல்லையில் மகாவலி நீரைச் சுரங்கம் வழியே திருப்பி, உக்குவளை மின்நிலையத்தினூடாகச் சுது கங்கையில் விட்டு, வடக்கே போவதென்ன நீர்த்தேக்கத்துக்குக் கொண்டு சென்றார்கள். கோயில் நீரில் மூழ்கிவிடும் என்ற நிலை. 1975-இல் கல் கல்லாகக் கழற்றி, மேட்டில் ஏற்றி, 1980 அளவில் அதனதன் இடம் தவறாமல் மீண்டும் அடுக்கினார்கள். எகிப்தின் அபு சிம்பலை 1960-களில் அஸ்வான் அணைக்காகத் தூக்கி வைத்ததைப் போல, அதனினும் மிகச் சிறிய அளவில், ஆனால் அதே கவனத்தோடு. போற்ற வேண்டிய வேலைதான்.

போற்றிக்கொண்டே திரும்பி வருகையில் நண்பர் வீதியைக் காட்டினார். "நம்ம ஆட்கள் நடந்து வந்த பாதையும் இதுதான், அண்ணே."

உண்மை. கோப்பிக் காலத்தில் இராமநாதபுரக் கரையிலிருந்து தோணியேறித் தலைமன்னாரிலோ அரிப்பிலோ இறங்கியவர்கள், வன்னிக் காட்டினூடாகத் தம்புள்ளை, நாலந்தா, பலாபத்வல என்று மாத்தளைக்கு நடந்தார்கள். வட பாதை என்று பெயர். கங்காணி முன்னே, குடும்பங்கள் பின்னே. குடிக்கத் தண்ணீர் இல்லை, காய்ச்சல், வாந்திபேதி. விழுந்தவரைத் தூக்கிச் செல்ல ஆளில்லை. 1841 முதல் 1849 வரை சுமார் 70,000 பேர் மாண்டிருக்கலாம் என்று 1849-இல் கொழும்பு ஒப்சேவர் பத்திரிகை எழுதியது. அந்தத் தொகை மிகை என்று வாதிடும் வரலாற்றாசிரியர் உண்டு. டொனோவன் மொல்ட்ரிச் எழுதிய 'பிட்டர் பெரி பொண்டேஜ்' என்ற நூல் இம்மரணங்களை விரிவாகப் பேசுகிறது. இவ்வளவு பெரிய வித்தியாசத்துக்கு இடமுண்டு என்பதே, இறந்தவர்களை எவரும் ஒழுங்காக எண்ணவில்லை என்பதற்குச் சாட்சி. கல்லுக்கு இருந்த கணக்கு ஆளுக்கு இல்லை. பாதையிலிருந்து கூப்பிடு தூரத்தில் நின்ற அந்தக் கோயிலை, ஊரில் இது போன்ற விமானங்களைக் கும்பிட்டு வளர்ந்த அவர்களில் எத்தனை பேர் கண்டிருப்பார்கள்?

வழியில் அலுவிகாரையில் அரை மணி நேரம் நின்றோம். கி.மு. முதலாம் நூற்றாண்டில், வலகம்பா மன்னன் காலத்தில், வாய்மொழியாக வந்த திரிபிடகம் முதன்முதலாக ஓலையில் எழுதப்பட்டது இந்தப் பாறைக் குகைகளில் என்பது மரபு. 1848 மாத்தளைக் கலகத்தை ஆங்கிலேயர் அடக்கியபோது இங்கிருந்த ஏட்டுச் சுவடிகள் அழிந்தன. பக்கத்திலேயே ஒருவர் அமர்ந்து, எழுத்தாணியால் ஓலையில் பெயர் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். பிள்ளை தன் பெயரை எழுதி வாங்கிக்கொண்டாள்.

வட பாதையில் உயிரோடு வந்து சேர்ந்தவர்கள் கண்ட முதற் பெரிய ஊர் மாத்தளை. அங்கே அவர்கள் நிறுத்தி வைத்த தெய்வம் மாரி என்பதில் வியப்பில்லை. அம்மைக்கும் பேதிக்கும் அவளைத் தவிர யாரிடம் முறையிடுவது? மரத்தடியில் சிறு விக்கிரகமாக இருந்தவளுக்கு 1874-இல் நாட்டுக்கோட்டைச் செட்டிமாரின் உதவியுடன் கோயில் எழுந்தது. இன்று 108 அடி இராஜகோபுரம். மாசி மகத்துக்குத் தேர் ஓடுகிறது. பழைய தேர்கள் 1983 ஜூலைக் கலவரத்தில் எரிக்கப்பட்டுவிட்டன. இப்போது ஓடுபவை பின்னால் செய்தவை. கழற்றி மேட்டில் ஏற்றி வைக்க அவற்றுக்கு யாரும் இருக்கவில்லை.

பம்பரகிரி எல்லவுக்குப் போய்ச் சேரும்போது பின்னேரமாகிவிட்டது. இறத்தோட்டையைத் தாண்டி மலையேறும் வழியில் இருக்கிறது அது. பம்பர என்றால் சிங்களத்தில் மலைத்தேனீ. நீர்வீழ்ச்சிக்கு எதிரே ஒரு தொங்கு பாலம். அதில் நின்றால் சாரல் முகத்தில் படுகிறது. கண்டியிலிருந்து வந்த சிங்கள மாணவர்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளையும் அவர்களோடு சேர்ந்து பாறையோரம் கால் நனைத்தாள்.

பாலத்தில் நின்றபடி நண்பர், நாள் முழுதும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் சிறு பையனாக அந்தப் பாதையில் நடந்து வந்தவராம். கூட ஒரு தங்கையும் வந்தாளாம். தம்புள்ளை வரை கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள் என்று கிழவர் சொல்லுவாராம்; அதற்குப் பிறகு என்ன என்பதைச் சொல்லமாட்டாராம்.

"பேர் என்ன?" என்று கேட்டேன்.

"அதைத்தான் நாங்க யாரும் கேட்டு வைக்கலை, அண்ணே."

கீழே பிள்ளை, ஓலை நனைந்துவிடாமல் கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு தண்ணீரில் நின்றாள்.