காலி பெஞ்சும் மதியச் சோறும்

சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் ஆடுறவங்களுக்கு ஒரு கட்டத்தில் இந்தச் சிக்கல் கண்டிப்பா வரும். காசைக் கொட்டிப் பள்ளிக்கூடம் கட்டியிருப்போம். தொடக்கப்பள்ளி ஒன்றில் 300 பிள்ளைகள் படிக்கலாம். கிளிக் பண்ணிப் பார்த்தால் பாதி பெஞ்சு காலி. பராமரிப்புச் செலவு மட்டும் நிற்காமல் போய்க்கிட்டே இருக்கும்.

இதைச் சரிபண்ண விளையாட்டுக்குள்ளேயே சில வழிகள் உண்டு. வீடுகளை ஒரே மூச்சில் கட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டணும். இல்லைன்னா ஒரே நேரத்தில் குடிவந்தவங்க எல்லாருக்கும் ஒண்ணா வயசாகி, ஊரில் படிக்கிற வயசுப் பிள்ளைகளே இல்லாமல் போயிடும். 'எஜுகேஷன் பூஸ்ட்' என்ற கொள்கையைப் போட்டால் வேலைக்குப் போவதைவிடப் படிக்கப் போகிறவர்கள் கூடுவார்கள். அதற்கு நேர் எதிரான கொள்கையும் இருக்கு, பேரு 'ஸ்கூல்ஸ் அவுட்'. தொழிற்சாலைக்கு ஆள் வேணும்னா அதைப் போட்டால் போதும், ஜனங்க படிப்பை விட்டுட்டு வேலைக்குப் போவாங்க.

இந்த ரெண்டு பொத்தானையும் நம்ம மாநிலம் நிஜமாகவே அழுத்திப் பார்த்திருக்கு. அதுவும் ஒன்றையடுத்து ஒன்றாக, ஓராண்டுக்குள்.

1953-ல் ராஜாஜி அரசு புதிய தொடக்கக் கல்வித் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. பிள்ளைகளுக்குப் பள்ளியில் 3 மணி நேரம்தான் பாடம். மீதி நேரத்தில் அப்பா செய்யும் தொழிலைக் கற்றுக்கொள்ளணும். பள்ளிகளும் ஆசிரியர்களும் போதாத காலம். நேரத்தைப் பாதியாக்கினால் அதே கட்டிடத்தில் இரண்டு மடங்கு பிள்ளைகளைச் சேர்க்கலாம் என்பது அரசு சொன்ன நியாயம். கணக்காகப் பார்த்தால் சரிதான். ஆனால் ஊர் அதை 'குலக்கல்வி' என்றுதான் புரிந்துகொண்டது. நான் இருக்கும் வண்ணார்பேட்டையையே எடுத்துக்குங்க. பேரிலேயே ஒரு தொழில் இருக்கு, அந்தத் தொழிலோடு ஒரு சாதியும் இருக்கு. திட்டம் கிராமங்களுக்கு மட்டும்தான், நகரத்துக்கு இல்லை. ஆனாலும் அப்பன் தொழிலைப் படின்னு சொன்னால், ஆற்றங்கரையில் துணி வெளுக்கிறவர் பிள்ளைக்கு அதன் அர்த்தம் என்ன என்று யாரும் விளக்கத் தேவையில்லை. எதிர்ப்பு வலுத்து, 1954 ஏப்ரலில் காமராஜர் முதல்வரானார். அடுத்த மாதமே திட்டம் கைவிடப்பட்டது.

ஆனால் கைவிட்டதால் மட்டும் பெஞ்சு நிறைஞ்சிடாது. வராத பிள்ளை ஏன் வரலை என்று பார்க்கணும்.

முதல் காரணம் தூரம். இது நம்ம ஊருக்குப் பழைய சங்கதி. தாமிரபரணிக்கு அந்தப் பக்கம் நெல்லை, இந்தப் பக்கம் பாளையங்கோட்டை. 1843-ல் சுலோசன முதலியார் சொந்தப் பணத்தில் பாலம் கட்டும்வரை ஆற்றைக் கடக்கப் படகுதான். மிஷனரிகள் பாளையங்கோட்டையில் தொடங்கி ஜில்லா முழுக்கப் பள்ளிகள் நடத்தியபோது, அவற்றில் பலவற்றோடு விடுதியையும் சேர்த்தே வைத்தார்கள். தூரம், சாப்பாடு என்ற இரண்டு சிக்கலுக்கும் அது ஒரே விடை. ஆனால் விடுதியில் எத்தனை பேருக்கு இடம் கொடுக்க முடியும்? காமராஜர் அரசு பள்ளிக்கூடத்தையே பிள்ளைக்குப் பக்கத்தில் கொண்டுபோகப் பார்த்தது. 500 பேர் வாழும் சிற்றூருக்கும் ஓராசிரியர் பள்ளியாவது கிடைக்கணும் என்பது இலக்கு.

இரண்டாவது காரணம் பசி. சேரன்மகாதேவி ரயில்வே கேட்டில் கார் நின்றபோது, மாடு மேய்க்கும் பையனிடம் ஏன் பள்ளிக்குப் போகலைன்னு காமராஜர் கேட்டதாகவும், பள்ளிக்குப் போனால் சோறு யார் போடுவாங்கன்னு அவன் திருப்பிக் கேட்டதாகவும் நம்ம பக்கம் ஒரு கதை சொல்லுவாங்க. கதை எப்படியோ, அதில் இருக்கும் கணக்கு உண்மை. மேய்க்கப் போனால் பிள்ளைக்கு ஒரு வேளைக் கஞ்சி உறுதி, பள்ளிக்குப் போனால் அதுவும் இல்லை. 1956-ல் அப்போது திருநெல்வேலி ஜில்லாவில் இருந்த எட்டயபுரத்தில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியது. கல்வித்துறை இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய், அரிசியும் பருப்பும் நன்கொடையாகத் திரட்ட ஜனங்களைச் சேர்த்துக்கொண்டார்.

சோறு போட்டால் சேர்க்கை கூடும் என்பதற்கு அதற்கு முன்பே சென்னையில் சாட்சி இருந்தது. 1920-ல் பிட்டி தியாகராயர் தலைமையில் சென்னை மாநகராட்சி, ஆயிரம் விளக்கு பள்ளியில் உணவு கொடுக்கத் தீர்மானித்தது. பிறகு வேறு சில பள்ளிகளும் சேர்ந்தன. 1922-23-ல் 811 ஆக இருந்த சேர்க்கை 1924-25-ல் 1,671 ஆனது. ரெண்டே வருஷத்தில் இரட்டிப்பு! ஆனால் தொடக்கக் கல்வி நிதியை இதற்குச் செலவழிக்கக் கூடாதுன்னு ஆங்கில அரசு சொன்னதால் 1925 ஏப்ரலில் திட்டம் நின்றது. பிள்ளையின் வயிறு கல்விச் செலவில் வராதாம்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும். 1982 ஜூலை 1-ல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரில் 1,545 பள்ளிகளில் காலை உணவு வந்தது. 2023 ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் போனது.

விளையாட்டில் இந்தப் பொத்தான் கிடையாது. அங்கே பிள்ளைக்குப் பசிக்காது. தீப்பெட்டி ஒட்டப் போகாது, அம்மாவோடு உட்கார்ந்து பீடி சுற்றாது. அதனால் பெஞ்சு காலியாக இருந்தால் கட்டிடத்தையும் ரோட்டையும் பார்த்தால் போதும்.

ஆனால் ஒரு விஷயத்தில் விளையாட்டு நம்மை முந்திக்கிட்டு நிற்குது. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 1.8 குழந்தை. வருகிற கொஞ்சப் பிள்ளைகளையும் தனியார் பள்ளி வேன் வாசலிலேயே ஏற்றிக்கொண்டு போகுது. கோடை விடுமுறையில் அரசுப் பள்ளி ஆசிரியர்கள் நோட்டீஸோடு வீடு வீடாக ஏறி இறங்குறாங்க. பிள்ளை குறைஞ்சால் ஆசிரியர் பணியிடம் போகும், அப்புறம் பள்ளியே போகும்.

விளையாட்டில் காலிப் பள்ளியை புல்டோசர் வைத்து இடித்தால் மிச்சம்தான். இங்கே அப்படி மூடும் பள்ளியில் கடைசியாக இருக்கும் 10 பிள்ளைகள் யாருன்னு பாருங்க. வேனுக்குக் கட்டக் காசில்லாத வீட்டுப் பிள்ளைகளாகத்தான் இருக்கும். எந்தப் பிள்ளைகளுக்காகப் பள்ளியைப் பக்கத்தில் கொண்டுபோனார்களோ, அதே பிள்ளைகள்.