லாகூரில் வாங்கிய கிண்ணம்

1996இல் வென்ற உலகக் கிண்ணம் இலங்கைக்கே சொந்தம். அந்தக் காலத்தில் அனுசரணையாளர் மாறினால் கிண்ணமும் மாறும். அந்த வருடம் வில்ஸ் கிண்ணம். 1999இலிருந்து சர்வதேச கிரிக்கெட் சபை நிரந்தரக் கிண்ணம் ஒன்றைத் தன்னிடமே வைத்துக்கொண்டு, வெல்பவர்களுக்குப் பிரதியைத்தான் கொடுக்கிறது.

அந்தக் கிண்ணத்துக்கான ஓட்டம் இரத்தத்தில் தொடங்கியது. ஜனவரி 31இல் கொழும்பு மத்திய வங்கியில் குண்டு வெடித்து 90 பேர் வரை மாண்டார்கள். அவுஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் கொழும்புக்கு வர மறுத்துவிட்டன. ஆனால் பெப்ரவரி 13இல் இந்தியாவும் பாகிஸ்தானும் ஒரே அணியாகக் கொழும்பு கெத்தாராம மைதானத்தில் இலங்கையுடன் ஆட வந்து இறங்கின. தலைவர் அசாருதீன். வசீம் அக்ரம் வீச, களுவிதாரண அடித்த பந்தை டெண்டுல்கர் பிடித்தார். புள்ளி அட்டையில் அந்த வரியைப் பார்த்தால் இன்றும் மெய்சிலிர்க்கும். புள்ளிக் கணக்கில் சேராத அந்த ஆட்டத்தைத்தான் அந்தத் தொடரின் மிகப் பெரிய ஆட்டமாக நான் மதிக்கிறேன்.

பாகிஸ்தான் காலிறுதியோடு வெளியேறியது. கொல்கத்தாவில் ரசிகர்கள் போத்தல் எறிந்து தீ மூட்டியதால் அரையிறுதி பாதியில் நின்று இலங்கைக்கு வெற்றி கிடைத்தது. மார்ச் 17, லாகூர் கடாபி மைதானம், இறுதி ஆட்டம். சொந்த அணி களத்தில் இல்லாத அந்த மக்கள் இலங்கைக்காகத் தொண்டை கிழியக் கத்தினார்கள். சாய்ந்தமருதிலோ கல்முனைக்குடியிலோ ஒரு முஸ்லிம் இளைஞன் பாகிஸ்தானின் வேகப்பந்தை ரசித்தால் அவனுடைய நாட்டுப்பற்றைச் சந்தேகிக்கும் பேச்சு இந்த நாட்டில் பழையது. அப்படிப் பேசுகிறவர்கள் அன்றைய லாகூரை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும். அரவிந்த டி சில்வா ஆட்டமிழக்காமல் 107 எடுத்தார். மூன்று மாதம் ஆகுமுன் மெல்பர்னில் நடுவர் முறையற்ற பந்தென்று கைநீட்டி அவமானப்படுத்திய முரளிதரன், 10 ஓவரில் 31 ஓட்டங்களே கொடுத்தார். பெனாசிர் பூட்டோவின் கையால் அர்ஜுன ரணதுங்க கிண்ணத்தை வாங்கினார்.

கிண்ணம் உள்நாட்டுப் போரை நிறுத்தவில்லை. அது இன்னும் 13 வருடம் நீடித்தது. ஆனாலும் தமிழர், முஸ்லிம், சிங்களவர் மூவரும் எங்கள் வெற்றி என்று சொல்லக்கூடியதாக அந்த வருடங்களில் இருந்தவை மிகச் சில. கொழும்பில் பூட்டி வைப்பதை விட, மென்பந்துச் சுற்றுப்போட்டி நடக்கும் ஒரு நாளில் கல்முனை சந்தாங்கேணி மைதானத்துக்கு அதைக் கொண்டுவந்து பிள்ளைகளின் கையில் கொடுக்கலாம். வெளிநாட்டில் யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை.