350 கிணறுகள்

நண்பன் ஒருவன் வேலைக்குப் போய்க்கொண்டே சுற்றுச்சூழல் சட்டத்தில் முதுகலை படிக்கிறான். ஆய்வேட்டை எனக்கு அனுப்பி, “கோட் ரிவ்யூ பண்ற மாதிரி பாருடா” என்றான். பொருள், வேலூர் வழக்கு.

தோல் தொழிற்சாலைக் கழிவு பாலாற்றைக் கெடுக்கிறது என்று வேலூர் குடிமக்கள் நல மன்றம் 1991-இல் நேராக உச்ச நீதிமன்றத்துக்கே போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் எழுதிய தீர்ப்பு, முன்னெச்சரிக்கைக் கோட்பாடும் மாசுபடுத்தியவரே ஈடுகட்டும் கோட்பாடும் இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்றது. தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம். இதையெல்லாம் நன்றாகவே எழுதியிருந்தான். ஸ்டாக்ஹோம், ரியோ மாநாடுகளுக்கு மட்டும் நாற்பது பக்கம்!

ஒரு வரியில் இடறினேன்: ‘வேலூரில் 350 கிணறுகள் கெட்டன.’ தீர்ப்பைத் திறந்தேன். 13 கிராமங்களில் 467 கிணறுகளைப் பார்த்ததில் 350 கெட்டிருந்தன, சரி. ஆனால் அந்தக் கிராமங்கள் இருப்பது திண்டுக்கல் பக்கம். என் அப்பத்தா ஊர்ப் பக்கம். “தோல் ஷாப்புத் தண்ணிடா” என்று சொல்லி அவர் எங்களைக் கிணற்றில் இறங்கவே விட்டதில்லை. வழக்கின் பெயரில் வேலூர் இருப்பதால் திண்டுக்கல் காணாமல் போய்விட்டது.

“ஊர்ப் பேர்தானே, மாத்திடறேன்” என்றான்.

2025 ஜனவரியில் அதே வேலூர் விவகாரத்தில் உச்ச நீதிமன்றம் மறுபடி உத்தரவிட்டது: இழப்பீடு இன்னும் கிடைக்காதவர்களுக்கு ஆறு வாரத்துக்குள் கொடுங்கள். முதல் தீர்ப்பு வந்து 28 வருஷம் கழித்து! இதையும் கிணறுகளையும் சேர்த்துத் தனி அத்தியாயமாக எழுதச் சொன்னேன்.

“பக்க வரம்பு இடிக்குதுடா.”

“ரியோவைக் குறை” என்றேன்.