பாரிமுனை: ஒரு வெட்டவெளியின் சரித்திரம்

ஆகஸ்ட் பிறந்தால் சென்னையில் சிலர் கட்டடம் பார்க்கக் கிளம்பிவிடுகிறார்கள். 1639 ஆகஸ்ட் 22-ஐ நகரத்தின் பிறந்த தினமாக வைத்துக்கொண்டு 2004-லிருந்து கொண்டாடி வருகிறார்கள். விடிகாலையில் பாரிமுனையில் கூடுவது, விஷயம் தெரிந்த ஒருவர் முன்னால் போக, மற்றவர்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு பின்னால் நடப்பது. நானும் அப்படி நடந்திருக்கிறேன். நல்ல காரியம்தான். ஆனால் எனக்கு ஒரு மனக்குறை. இது இந்தோ-ஸாரஸனிக், இது கிரேக்க பாணி, இது ஆர்ட் டெகோ என்று பெயர் சொன்னதும் பார்ப்பது முடிந்துவிடுகிறது. ஒரு கவிதையைப் படிமம் என்றோ ஸர்ரியலிஸம் என்றோ முத்திரை குத்திவிட்டு அடுத்த கவிதைக்குப் போகும் விமர்சகரைப் போல. கட்டடம் நிற்கிற தரையைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. பாரிமுனையில் பார்க்க வேண்டியது தரையை. ஒரே ரோட்டில் இத்தனை பாணிகள் வந்து சேர்ந்ததற்குக் காரணம் ரஸனை அல்ல. அங்கே எதுவுமே நிற்கக் கூடாது என்று ஒரு காலத்தில் பீரங்கிக்காக முடிவு செய்திருந்தார்கள்.

நான் சொல்லும் ரோடு நேதாஜி சுபாஷ் சந்திர போஸ் சாலை. சைனா பஜார், எஸ்பிளனேடு என்றெல்லாம் பெயர் வைத்திருந்தது. கடற்பக்கமிருந்து பூக்கடை வரை ஒரு கிலோமீட்டர் போல இருக்கும். மேற்கு நோக்கி நடந்தால் இடது கைப்பக்கம் ஐகோர்ட், சட்டக் கல்லூரிக் கட்டடம். வலது கைப்பக்கம் டேர் ஹவுஸ், ஒய்.எம்.சி.ஏ., பச்சையப்பன் மண்டபம், பின்னால் ஊர். இடப்பக்கம் சர்க்கார், வலப்பக்கம் ஜனங்கள். இது தற்செயல் இல்லை. இந்த ரோடுதான் எல்லைக்கோடு.

கோட்டையின் வடக்குச் சுவரை ஒட்டித்தான் முதல் ஊர் இருந்தது. வெள்ளைக்காரன் அதைக் கருப்பர் பட்டணம் என்றான். நெசவாளர், துபாஷிகள், வியாபாரிகள், சென்னகேசவப் பெருமாளுக்கு ஒரு கோயில். 1746-இல் லாபூர்தொனே கோட்டையைப் பிடித்தான். பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்த மூன்று வருஷத்தில் கோட்டைக்கு நெருக்கமாக இருந்த வீடுகளை இடித்தார்கள். 1749-இல் கோட்டை திரும்பக் கிடைத்தபோது இங்கிலீஷ்காரர்களுக்கு அந்த இடிபாடு ஒரு பாடமாகப் பட்டது. வீடுகள் இருந்தால் எதிரிக்கு மறைவு, வெளி இருந்தால் நமக்குக் குறி. மிச்சம் இருந்ததை அவர்களே இடித்தார்கள். 1757-இல் கோயிலும் போயிற்று. 1758 டிசம்பரில் லாலி வந்து முற்றுகையிட்டு 1759 பிப்ரவரியில் திரும்பிப் போனான். அந்த முற்றுகையில் இங்கிலீஷ்காரர்களின் இடுகாட்டுக் கல்லறைகளுக்குப் பின்னால் பிரெஞ்சுச் சிப்பாய்கள் பதுங்கிக்கொண்டதால் பிற்பாடு கல்லறைகளையும் தகர்த்தார்கள். கல்வெட்டுப் பலகைகளைக் கொண்டுபோய்க் கோட்டைக்குள் புனித மேரி தேவாலயத்தைச் சுற்றித் தளவரிசையாகப் பதித்துவிட்டார்கள். போனால் இன்றும் மிதித்துக்கொண்டு நடக்கலாம். நம் கடவுளுக்கு ஒரு நியாயம், தங்கள் பிணங்களுக்கு ஒரு நியாயம் என்று அவர்கள் வைத்துக்கொள்ளவில்லை என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.

அதற்குப் பிறகு ஜனங்கள் வடக்கே, முத்தியால்பேட்டைக்கும் பெத்தநாயக்கன்பேட்டைக்கும் தள்ளப்பட்டார்கள். அவற்றுக்குத்தான் புதிய கருப்பர் பட்டணம் என்று பெயர். 1906-இல் வேல்ஸ் இளவரசர் வந்துபோன பிறகு அது ஜார்ஜ் டவுன் ஆயிற்று. கோட்டைக்கும் புது ஊருக்கும் நடுவே சுமார் 400 கெஜம் வெட்டவெளி. இதற்கு அப்பால் வீடு கட்டாதே என்று 1773-இல் எல்லைத் தூண்கள் நட்டார்கள். ஒன்று மட்டும் டேர் ஹவுஸ் ஓரமாக நிற்கிறது. கட்டடம் பார்க்க வருகிறவர்கள் இந்தத் தூணைப் பத்து விநாடி பார்க்கிறார்கள். என்னைக் கேட்டால் பாரிமுனையின் முக்கியமான கட்டடம் இதுதான். ‘இல்லை’ என்ற ஒரே சொல்லைச் சொல்வதற்காக எழுப்பப்பட்ட கட்டடம்.

வெட்டவெளிக்குப் பக்கத்து வீடு கிடையாது. தெருவில் வீடு கட்டுகிறவன் அண்டை வீட்டுச் சுவரை, திண்ணை மட்டத்தை, தண்ணீர் போகிற சரிவைப் பார்த்துக் கட்டுகிறான். காலி மைதானத்தில் கட்டுகிறவன் யாரையும் பார்க்க வேண்டாம், எந்த வேஷம் வேண்டுமானாலும் கட்டலாம். யுத்த பயம் தணிந்து மைதானம் மெல்ல நிரம்பத் தொடங்கியபோது நடந்தது இதுதான். முதலில் வந்தது கலங்கரை விளக்கம், 1844-இல். அதற்கு முன் 1796-லிருந்து விளக்கு கோட்டைக்குள், இப்போது மியூஸியமாக இருக்கும் கட்டடத்தின் மேல் எரிந்துகொண்டிருந்தது. புது விளக்குக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த உருவம் ஒரு கிரேக்க டோரிக் தூண், உயரம் சுமார் 125 அடி. கிரேக்கத்தில் தூண் என்பது கூரையைத் தாங்குவது. இங்கே தாங்க ஒன்றுமில்லை, தனியாக நிற்கிறது. ஆனாலும் எனக்கு அது பிடிக்கும். கல்லை அடுக்கி மேலே விளக்கு வைத்தேன் என்பதற்கு மேல் அது எதையும் பாசாங்கு செய்வதில்லை.

1892-இல் ஐகோர்ட் கட்டடம் திறக்கப்பட்டது. பிராஸிங்டன் என்பவர் போட்ட திட்டத்தை ஹென்றி இர்வின் மாற்றி முடித்தார். கட்டிக் கொடுத்தவர் காண்டிராக்டர் தாட்டிகொண்டா நம்பெருமாள் செட்டி. சிவப்புச் செங்கல், குமிழ்க் கோபுரங்கள், வளைவுக்குள் வளைவு, வண்ணக் கண்ணாடி. உயரமான கோபுரத்தின் உச்சிக்கு 1894-இல் விளக்கை மாற்றினார்கள். 1977-இல் மெரினாவில் புது விளக்கம் வரும்வரை கப்பல்களுக்கு நீதிமன்றம்தான் வழிகாட்டிற்று. இதைச் சொல்லும்போது கூட்டத்தில் எல்லோரும் புன்னகை செய்வார்கள்.

இந்த இர்வின் சென்னைக் கோர்ட்டைக் கையில் எடுக்குமுன் சிம்லாவில் வைஸ்ராய்க்கு மாளிகை கட்டியவர். அது 1888-இல் முடிந்தது. பழைய இங்கிலாந்துப் பிரபுவின் மாளிகை மாதிரி, கல் முகப்பும் உள்ளே மரவேலையுமாக. தங்கள் ஆள் குடியிருக்க இங்கிலாந்து, நம்மை விசாரிக்க ஸாரஸனிக். கலைஞனின் உள்ளுணர்வுக்கு இதில் எவ்வளவு பங்கு என்று யோசிக்க வேண்டும். 1857-க்குப் பிறகு தங்களை மொகலாயரின் வாரிசாகக் காட்டிக்கொள்ள ராஜாங்கத்துக்கு ஓர் அவசியம் இருந்தது. அந்த அவசியம் பொதுமராமத்து இலாகாவின் வரைபடப் பலகைக்கு வந்து சேர்ந்தது. சேப்பாக்கத்து நவாப்பைத் தவிர மொகலாய வாடையே இல்லாத ஒரு நெசவாளர் ஊருக்கு, உன் மரபு இதுதான் என்று குமிழ்க் கோபுரத்தைக் காட்டினார்கள். அவருக்கு முன் சிஷோம் கொஞ்சம் மாறுபட்டவர். 1884-இல் அவர் கடற்கரைப் பக்கம் கட்டிய பெரிய தபாலாபீஸில் திருவிதாங்கூர்க் கூரையைப் பயன்படுத்தினார். நேரில் பார்த்த ஒரு கூரை மழைக்கு எப்படி வேலை செய்கிறது என்ற கேள்வியாவது அதில் இருக்கிறது. இர்வினிடம் கேள்வி கிடையாது, சாமர்த்தியம் உண்டு. அபாரமான சாமர்த்தியம். சாயங்கால வெயிலில் அந்தச் சிவப்பு எரிகிறபோது எனக்கும் நின்று பார்க்கத்தான் தோன்றுகிறது.

நம் ஆட்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள் என்பது வேடிக்கை. புதுக்கவிதை வந்தபோது இரவல் உருவம், மண்ணோடு ஒட்டாதது என்று சொன்ன பண்டிதர்களில் எத்தனையோ பேர் இந்தக் கட்டடத்தைக் கடந்து டிராம் ஏறிப் போனவர்கள்தான். இது இரவல் என்று அவர்களுக்குப் படவில்லை, ‘நம் பாரம்பரியக் கட்டடக் கலை’ என்று பாடப் புத்தகத்தில் எழுதியிருப்பார்கள். மரபு எது என்று பிறர் வகுத்துக் கொடுத்ததை வாங்கிக்கொள்ளத் தயங்காதவர்கள், ஒருவன் தானே போய்த் தேடி எடுத்து வந்த உருவத்தைக் கண்டு மிரண்டார்கள். எனக்கு இரவலில் ஆட்சேபம் இல்லை. யார் தேர்ந்தெடுத்தது, எதற்காக என்பதுதான் கேள்வி.

ரோட்டின் வலப்பக்கம் இந்தக் கேள்வி வேறு மாதிரி சிக்கலாகிறது. பச்சையப்பன் மண்டபம் ஐகோர்ட்டுக்கு 42 வருஷம் மூத்தது, 1850-இல் திறந்தது. பச்சையப்ப முதலியார் 1794-இல் செத்துப்போன துபாஷி. உயிலில் அவர் கேட்டது கோயில் கட்டளைகளும் தர்மங்களும். பணம் வழக்கில் மாட்டி, கோர்ட் வழியாக வெளியே வந்து, மிஞ்சியது கல்விக்குத் திரும்பியது. அதில் எழுந்த கட்டடத்துக்கு ஆதென்ஸிலுள்ள தீஸியஸ் கோயில் மாதிரி. (அந்தக் கோயிலே தீஸியஸுடையது இல்லை, ஹெபைஸ்டஸ் என்ற கொல்லர் தெய்வத்துடையது என்று ஆராய்ச்சிக்காரர்கள் சொல்லிவிட்டார்கள். மூலமே தப்பான பெயரில் வந்து சேர்ந்திருக்கிறது.) காஞ்சிபுரத்துக்கும் சிதம்பரத்துக்கும் கட்டளை எழுதி வைத்தவர் பெயரில் கிரேக்கக் கோயில். கல்லூரியோ 1947 வரை ஹிந்துக்களை மட்டுமே சேர்த்துக்கொண்டது. இந்த முரண்பாட்டை உறுத்தல் இல்லாமல் சுமந்தபடியே அது வேலை செய்தது. ராமானுஜன் இங்கே வந்து கணக்கைத் தவிர மற்றதில் தோற்றுப் போனார். 1940-இல் கல்லூரி சேத்துப்பட்டுக்குப் போவதற்கு முன் அண்ணாதுரையும் அதில் படித்து முடித்தார். முகப்பு என்ன சொல்லிற்று என்பதற்கும் உள்ளே என்ன நடந்தது என்பதற்கும் சம்பந்தம் இருக்க வேண்டிய அவசியமில்லை போலும்.

ஒய்.எம்.சி.ஏ. கட்டடம் 1900-இல் வந்தது. ஜெய்ப்பூர் பாணி. பணம் கொடுத்தவர் வொனமேக்கர் என்ற அமெரிக்கர், பிலடெல்பியாவில் பெரிய ஜவுளி மாளிகைக்குச் சொந்தக்காரர், அந்த நாட்டின் தபால் மந்திரியாகவும் இருந்தவர். பிலடெல்பியா லாபத்தில், கிறிஸ்தவச் சங்கத்துக்கு, ராஜஸ்தானத்து மாடம். டேர் ஹவுஸ் 1940-இல் முடிந்தது. 1788-இல் வியாபாரம் தொடங்கிய தாமஸ் பாரியின் கம்பெனிக்காகக் கட்டியது. துறைமுக வேலை 1876-இல் ஆரம்பித்து மணல் ஒதுங்கும் வரை பாரி கம்பெனியின் வாசலுக்கு எதிரே கடல்தான். இந்த ஆர்ட் டெகோ கான்கிரீட்டில் தேசமும் மதமும் மரபும் கிடையாது. மூலையை ஒட்டி வளைந்து திரும்புகிறது, அவ்வளவுதான். 1981-இல் கம்பெனி முருகப்பா குழுமத்தின் கைக்கு வந்தபோது கட்டடத்தில் எதையும் மாற்றிப் பொருள் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆர்மீனியன் தெருவுக்குள் திரும்பினால் சத்தம் குறைந்துவிடும். 1772-இல் கட்டிய ஆர்மீனியத் தேவாலயம். மணிக்கூண்டு தனியே நிற்கும், முற்றமெல்லாம் தரையோடு பதித்த கல்லறைகள். அதில் ஒன்று ஹாருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்திலேயே முதல் ஆர்மீனிய மொழிப் பத்திரிகையை 1794-இல் இந்தச் சென்னையில் நடத்தியவர். ‘அஸ்தரார்’ என்று பெயர். சொற்ப சந்தாதாரர்கள், 18 இதழ்கள், 1796-இல் நின்றுவிட்டது. இந்தக் கட்டுரையைப் படிக்கிறவர்களுக்கு இதற்கு மேல் நான் விளக்க வேண்டியதில்லை. அவர் மொழியைப் பேசுகிற ஒருவரைச் சென்னையில் இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும். கட்டடம் சுத்தமாக இருக்கிறது.

திரும்ப ரோட்டுக்கு வந்து எதிர்ப்பக்கம் போகலாம். இர்வினின் சட்டக் கல்லூரி, 1899. கல்லூரி 2018-இல் ஊருக்கு வெளியே போயிற்று. வளாகத்தில் கூரிய ஸ்தூபி மாதிரி ஒரு கல்லறை இருக்கிறது. 1680-இல் இறந்த ஜோஸப் ஹின்மர்ஸ், அவர் விதவையை மணந்த எலிஹு யேலின் குழந்தை டேவிட், இருவருக்கும் சேர்த்து. யேல் பிற்பாடு கவர்னர் ஆனான், அமெரிக்காவில் ஒரு சர்வகலாசாலைக்குத் தன் பெயரைக் கொடுத்தான். இடுகாடு முழுவதையும் துடைத்தவர்கள் இதை விட்டுவைத்தார்கள். வெட்டவெளிக்கு முன் இங்கே ஒன்று இருந்தது என்பதற்கு வெளியில் தெரிகிற சாட்சி இது.

இடித்த கோயிலுக்கு மாற்று இடம் கொடுத்தார்கள். கும்பினி கொஞ்சம் பணம் தந்தது. மணலி முத்துகிருஷ்ண முதலியார் பெருந்தொகை போட்டார், ஊரார் மிச்சத்தைக் கொடுத்தார்கள். பூக்கடைப் பக்கம் தேவராஜ முதலி தெருவில் சென்னகேசவருக்கும் சென்னமல்லீஸ்வரருக்கும் அடுத்தடுத்து இரண்டு கோயில்கள். பட்டணம் கோயில் என்றால் தெரியும். முன்னால் கடைகள் அடைத்துக்கொண்டு, கோபுரத்தைப் பார்க்கத் தலையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. பாணி என்று பார்த்தால் விசேஷம் இல்லை. நடைக்குழுக்கள் இவ்வளவு தூரம் வருவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது, பலர் கலைந்துவிடுகிறார்கள்.

பழைய கோயில் இருந்த இடம் இன்றைய ஐகோர்ட் வளாகம். கீழே இப்போது மெட்ரோ ரயில் ஓடுகிறது. 2019-இல் திறந்த நிலையத்துக்கும் உயர்நீதிமன்றம் என்றே பெயர். கருவறை எந்த இடத்தில் இருந்தது என்று காட்டும் கல் எதையும் அந்த வளாகத்தில் நான் பார்த்ததில்லை. 1914 செப்டம்பர் 22-ஆம் தேதி இரவு எம்டன் கப்பல் வீசிய குண்டு விழுந்த இடத்துக்குச் சுவரில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள்.