ஆபாச வழக்கிலிருந்து பகடி உரிமை வரை: லூதர் கேம்பெல்லும் அமெரிக்கச் சட்டமும்

1994 மார்ச் 7 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பின் பின்னிணைப்பாக இரண்டு பாடல்கள் அச்சிடப்பட்டன. ஒன்று, ராய் ஆர்பிசனும் வில்லியம் டீஸும் எழுதி 1964இல் வெளிவந்த 'ஓ, பிரிட்டி வுமன்'. மற்றது, அதைப் பகடி செய்து மயாமியின் '2 லைவ் க்ரூ' ராப் குழு 1989இல் வெளியிட்ட பாடல். இத்தீர்ப்புக்கு நான்காண்டுகள் முன்புதான் இதே குழுவின் வேறோர் இசைத்தொகுப்பை விற்றதற்காக ஒரு கடைக்காரர் ஃபுளோரிடாவில் கைதாகியிருந்தார். சட்ட நூல்கள் இவ்விரண்டையும் தனித்தனியே வைத்துப் பேசுகின்றன. ஒன்று ஆபாசச் சட்டத்தைச் சேர்ந்தது, மற்றது பதிப்புரிமையைச் சேர்ந்தது. இரண்டுக்கும் அடியில் இருந்த கேள்வி ஒன்றே என்பது இக்கட்டுரையின் வாதம். கொச்சையான பாட்டுக்குப் பொருள் உண்டா? உண்டென்றால் அதைத் தீர்மானிக்கத் தகுதியுள்ளவர் யார்?

குழுவின் தலைவராக அறியப்பட்ட லூதர் கேம்பெல் 1960 டிசம்பர் 22 அன்று மயாமியில் பிறந்தார். தந்தை ஜமைக்காவிலிருந்தும் தாய் பஹாமாஸிலிருந்தும் வந்தவர்கள். வளர்ந்த இடம் லிபர்ட்டி சிட்டி. 1960களில் ஓவர்டவுன் பகுதியை ஊடறுத்து நெடுஞ்சாலை போடப்பட்டபோது வீடிழந்த கறுப்பினக் குடும்பங்கள் பல இங்கேதான் குடியேறின. ஆர்தர் மெக்டஃபி என்ற கறுப்பினத்தவரை அடித்துக் கொன்றதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட காவலர்களை வெள்ளையர் மட்டுமே இருந்த ஜூரி 1980 மே மாதம் விடுவித்தபோது கலவரம் மூண்டதும் இங்கேதான். அப்போது கேம்பெல்லுக்கு வயது 19. பூங்காக்களில் பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு ஓட்டும் 'கெட்டோ ஸ்டைல் டீஜேஸ்' குழுவில் பெயர் எடுத்தார்.

2 லைவ் க்ரூ அவர் தொடங்கிய குழு அல்ல. கலிஃபோர்னியாவின் ரிவர்சைடில், விமானப்படையில் இருந்த இளைஞர்கள் உருவாக்கியது. அதை மயாமிக்கு அழைத்து வந்து, சொந்த நிறுவனத்தில் தட்டுகள் வெளியிட்டு, பிறகு தாமும் மேடையேறினார். நிறுவனத்துக்கு 'லூக் ஸ்கைவாக்கர்' என்று பெயரிட்டதற்காக ஜார்ஜ் லூகாஸ் தரப்பு வழக்குத் தொடுக்க, அது 'லூக் ரெக்கார்ட்ஸ்' ஆனது. சொந்த நிறுவனம் என்பது வெறும் வணிக விவரம் அல்ல. பெரிய நிறுவனம் ஒன்றில் இருந்திருந்தால், அடுத்து வந்த வழக்குகளில் அது சமரசத்துக்கே போயிருக்கும் என்று கருத இடமுண்டு. கேம்பெல்லைப் பணிந்துபோகச் சொல்ல மேலே எவரும் இல்லை.

1989இல் வந்த 'ஆஸ் நாஸ்டி ஆஸ் தே வான்னா பி' தொகுப்பின் பாடல்கள் பாலுறவைப் பச்சையாகப் பேசுபவை. வழக்கறிஞர் ஜாக் தாம்ப்சன் இதற்கெதிராக விடாப்பிடியாகப் பிரசாரம் செய்தார். ஆளுநர் பாப் மார்ட்டினெஸும் அதில் இறங்கினார். 1990 மார்ச்சில் பிரவர்ட் கவுண்டி நீதிபதி ஒருவர், தொகுப்பு ஆபாசமானது என்று நம்ப முகாந்திரம் உள்ளதாக உத்தரவிட்டார். ஷெரிஃப் நிக் நவாரோவின் ஆட்கள் அந்த உத்தரவின் நகலைக் கடை கடையாகக் காட்டி எச்சரிக்க, தட்டுகள் அலமாரிகளிலிருந்து மறைந்தன.

கூட்டாட்சி நீதிமன்றத்துக்குப் போனது கேம்பெல் தரப்புதான். ஜூன் 6 அன்று நீதிபதி ஹோசே கொன்சாலெஸ் தொகுப்பை ஆபாசமென அறிவித்தார்; கூட்டாட்சி நீதிமன்றம் ஓர் இசைப்பதிவை அவ்வாறு அறிவித்தது அதுவே முதல் முறை. அதே தீர்ப்பு, கடைக்காரர்களை ஷெரிஃப் மிரட்டியது அரசியல் சாசனத்துக்கு முரணான முன்தடை என்றும் கூறியது. இந்த இரண்டாம் பாதியைப் பலரும் குறிப்பிடுவதே இல்லை. இரண்டு நாளில் கடைக்காரர் கைதானார். ஜூன் 10 அன்று ஹாலிவுட் என்ற ஃபுளோரிடா ஊரில், பெரியவர்களுக்கு மட்டுமேயான இரவு விடுதி நிகழ்ச்சிக்குப் பின் கேம்பெல்லும் கைதானார்.

அக்டோபரில் கடைக்காரரை ஒரு ஜூரி குற்றவாளி என்றது. அதே மாதம் இன்னொரு ஜூரி குழுவினரை விடுவித்தது. இரண்டாம் விசாரணையில், ரகசியமாகப் பதிவான ஒலிநாடாவைக் கேட்டபோது சிரித்துக்கொள்ளலாமா என்று ஜூரிகள் நீதிபதியிடம் அனுமதி கேட்டார்கள், அனுமதி கிடைத்தது. இந்தச் சிறு நிகழ்வை நான் மிக முக்கியமாகக் கருதுகிறேன். ஆபாசத்தை வரையறுக்கும் 1973ஆம் ஆண்டின் மில்லர் தீர்ப்பு, படைப்புக்குக் காத்திரமான கலை மதிப்பு உண்டா என்று கேட்கச் சொல்கிறது. இலக்கிய அறிஞர் ஹென்றி லூயிஸ் கேட்ஸ் அங்கே சாட்சியாக வந்து, கறுப்பின மக்களின் வாய்மொழி மரபில் ஏட்டிக்குப் போட்டியாக வசைபாடுவதும் மிகைப்படுத்திப் பகடி செய்வதும் நெடுங்காலக் கலைகள் என்று விளக்கினார். சிரித்த ஜூரிகள் அந்த மரபைக் காதால் உணர்ந்துவிட்டிருந்தார்கள். 1992இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கொன்சாலெஸின் தீர்ப்பை ரத்து செய்தது. ஷெரிஃப் தரப்பு தொகுப்பின் ஒலிநாடாவைத் தவிர வேறு சான்று தரவில்லை. தட்டைக் கேட்ட நீதிபதியின் சொந்த ரசனை மட்டும் போதாது என்பதே அதன் அடிப்படை.

கேட்ஸின் விளக்கத்தோடு விவாதம் முடியவில்லை, முடியவும் கூடாது. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1991இல் எழுதிய கட்டுரை, கறுப்பினக் கலைஞர்களை மட்டும் பொறுக்கியெடுத்து வழக்குப் போடுவது இனவெறி என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் மரபின் பெயரால் அந்தப் பாடல்களைக் காக்கும்போது, அவற்றில் இழிவுபடுத்தப்படும் கறுப்பினப் பெண்களை எவரும் கணக்கில் எடுப்பதில்லை என்று அது சாடுகிறது. இந்த வழக்கைப் பற்றி எழுதப்பட்டவற்றில் இதுவே ஆகக் கூர்மையானது. கேம்பெல்லின் சட்ட வெற்றிகளை வைத்து இந்தக் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்லிவிட முடியாது.

பதிப்புரிமை வழக்கு அடக்கமாகவே தொடங்கியது. ஆர்பிசன் பாடலின் உரிமையாளரான ஆக்கஃப்-ரோஸிடம், பகடிக்குப் பணம் தரத் தயார் என்று குழுவின் மேலாளர் 1989இல் கடிதம் எழுதினார். அனுமதி மறுக்கப்பட்டது. பாடல் எப்படியும் வெளியானது. ஏறத்தாழ இரண்டரை லட்சம் பிரதிகள் விற்ற பிறகு வழக்கு வந்தது. மாவட்ட நீதிமன்றம் குழுவின் பக்கம் நின்றது; மேல்முறையீட்டில், வணிகப் பயன்பாடு என்பதாலேயே அது நியாயமற்றது என்று கருதப்பட்டது.

உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அதை ஒருமனதாக மறுத்தனர். தீர்ப்பை எழுதிய டேவிட் சூட்டர், இந்தப் பகடியின் தரத்தை எடைபோடுவது நீதிமன்றத்தின் வேலையல்ல என்றார். தெருவில் போகும் அழகியைக் கற்பனையில் உயர்த்தும் மூலப்பாடலின் அப்பாவித்தனத்தை ராப் வடிவம் கேலி செய்கிறது என்று கேட்பவர் நியாயமாகவே உணர முடியும், அது போதும். நீதிபதி பியர் லெவால் 1990இல் கட்டுரையாக முன்வைத்த 'உருமாற்றப் பயன்பாடு' என்ற கருத்தை, அனுமதியின்றியும் பிறர் படைப்பைப் பயன்படுத்த இடம்தரும் 'நியாயமான பயன்பாடு' என்ற சட்டக் கோட்பாட்டின் மையத்துக்குக் கொண்டுவந்ததும் இத்தீர்ப்புதான். நூலகப் புத்தகங்களை ஸ்கேன் செய்த கூகுளுக்குச் சாதகமாக 2015இல் லெவாலே எழுதிய தீர்ப்பு இதன் மேல் நிற்கிறது. 2023இல் வார்ஹோல் ஓவிய வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தக் கருத்தின் எல்லையைச் சுருக்கியபோதும், கேம்பெல் தீர்ப்பின் வரிகளைப் பிடித்தே வாதம் நடந்தது.

வழக்குகளில் வென்றவர் வியாபாரத்தில் தோற்றார். தம் நிறுவனத்துக்குப் பாடிய எம்.சி. ஷை டி தொடுத்த பாக்கித்தொகை வழக்கு 1995இல் அவரைத் திவாலாக்கியது. குழுவின் பாடல் உரிமைகள், அவருடைய நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஒருவரின் லில் ஜோ ரெக்கார்ட்ஸ் நிறுவனத்துக்குப் போயின. கேம்பெல் லிபர்ட்டி சிட்டியில் சிறுவர்களுக்கு அமெரிக்கக் கால்பந்து பயிற்றுவித்தார். 2011இல் மயாமி-டேட் மேயர் தேர்தலில் நின்று தோற்றார். ஆனால் உரிமையை விட்டுக்கொடுத்த படைப்பாளி 35 ஆண்டுகள் கழித்து அதைத் திரும்பக் கேட்கலாம் என்று அமெரிக்கப் பதிப்புரிமைச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. கேம்பெல்லும், மறைந்த இரு உறுப்பினர்களின் வாரிசுகளும் அந்த வழியில் போனார்கள். 2024 அக்டோபரில் மயாமியின் கூட்டாட்சி நீதிமன்ற ஜூரி அவர்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது.